புழக்கம் மிகுந்த குடும்பத்துக்கு ஏற்ற வீடு

திருப்பதியில் குடியிருப்போர் வீடுகளில், வீட்டாரைவிட விருந்தினர் மிகுந்திருக்கும் நாட்கள் பல உண்டு. திருமலைக்குச் செல்லும் உறவினர் முதல் நாள் மாலை வந்து தங்குவர். பைகள் கூடத்தின் மூலைகளில் குவியும். நனைந்த வேட்டிகளும் சேலைகளும் கிடைத்த கம்பியிலெல்லாம் தொங்கும். இரவில் விரித்த பாய்கள் மறுநாள் நண்பகல் வரை சுருட்டப்படாமல் கிடக்கும். சித்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இதே நெருக்கடி வேறு வடிவில் தோன்றுகிறது. வேர்க்கடலை வீடு வந்து சேர்ந்ததும் மூட்டைகள் படுக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மாம்பழக் காலத்தில் கூடைகளும் வைக்கோலும் பழச்சாறும் தரையை விட்டு நீங்குவதில்லை. நகரி, புத்தூர்ப் பகுதிகளில் தறி ஓடும் வீடுகளிலோ நூல் தூசு எந்தப் பொருளையும் விட்டுவைப்பதில்லை.

இத்தகைய வீட்டினுள் நுழைபவர், ‘ஒழுங்கு அறியாத குடும்பம்’ என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகிறார். இத்தீர்ப்பு பெரும்பாலும் நியாயமன்று. எட்டுப் பேர் புழங்கும் வீட்டை நான்கு பேர் விருந்தாளிகளைப் போல அமர்ந்திருப்பதற்கு ஏற்றவாறு கட்டிவிட்டுப் பின்னர் அக்குடும்பத்தின் பழக்கத்தைக் குறை கூறுவதில் பொருளில்லை. வீடு என்பது பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஒரு முறையே, அதுவும் கடன்பட்டுக் கட்டுவதாகும். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னர் அவர்கள் யோசனை கேட்பது கிராமத்துக்கு வரும் களப்பணியாளரையும் பள்ளி ஆசிரியரையுமே. எனவே, பொருள்கள் இறைந்து கிடப்பது இயல்பு என்பதை ஒப்புக்கொண்டு, அதையும் தாங்கி, வெயிலையும் மழையையும் தாங்கக்கூடிய வீட்டை இப்பகுதியில் எவ்வாறு அமைக்கலாம் என்பதை அறிந்து வைத்திருத்தல் அவர்களுக்குப் பயன் தரும்.

பொருள்கள் ஏன் சிதறுகின்றன?

ஒரு பொருள் கடைசியாக எந்த இடத்தில் பயன்பட்டதோ அந்த இடத்திலேயே தங்கிவிடும் இயல்புடையது. அதைத் திருப்பி வைக்க வேண்டிய இடம் கை எட்டும் தொலைவில் இருந்தால் திருப்பி வைக்கப்படும். இரண்டு கதவுகளைத் தாண்டி, ஒரு பெட்டியைத் திறந்து, மேலே உள்ளதை எடுத்துவிட்டு அடியில் வைக்க வேண்டுமானால் வைக்கப்பட மாட்டாது. சிதறலின் அளவு மக்களின் குணத்தைவிட அடிகளின் எண்ணிக்கையையே பெரிதும் பொறுத்திருக்கிறது. முற்காலத்து வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள் இதனை ஏட்டில் எழுதி வைக்கவில்லையாயினும் நன்கு அறிந்திருந்தனர். விளக்கு ஏற்றும் இடத்திலேயே சுவரில் மாடம். வாசலில் அமர்ந்து காலணியைக் கழற்றத் திண்ணை. துணி மாற்றும் அறையில் கொடி. பாலும் தயிரும் பூனைக்கு எட்டாதிருக்க அடுக்களையின் உத்தரத்திலேயே உறி. ஆண்டுக்கொரு முறை எடுக்கும் அண்டா குண்டாக்களுக்குப் பரண். இவை ஒவ்வொன்றும் பொருளின் பயன் நிகழும் இடத்திலேயே அதன் இருப்பிடத்தையும் அமைத்துக் கொடுத்தவையாகும். இப்பொழுது கட்டப்படும் வீடுகளில் மாடமும் திண்ணையும் மறைந்தன. அவற்றின் வேலையைச் செய்ய நாற்காலியின் முதுகும், உணவு மேசையும், ஜன்னல் விளிம்பும் வந்து சேர்ந்தன.

மேலை நாடுகளிலும் இவ்வினா ஆராயப்பட்டது. 1926-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டெ ஷூட்டெ-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வகுத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட அச்சிறு அறையில், சமைப்பவர் எடுத்து வைக்கும் அடிகளைக் கணக்கிட்டு, அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள் கைக்கெட்டும் உயரத்தில் பொருத்தப்பட்டன. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. ஆயினும் அதில் ஒரு குறையும் காணப்பட்டது: ஒருவர் நின்று வேலை செய்யலாமேயன்றி இருவர் நுழைய இயலாது. சித்தூர் மாவட்டத்து அடுக்களையிலோ ஒருத்தி அடுப்பின் முன் நிற்க, மற்றொருத்தி தரையில் அரிவாள்மணையுடன் அமர்ந்திருப்பாள். பாட்டி புளியைக் கொட்டையெடுத்துக் கொண்டிருப்பார். குழந்தையொன்று இடையில் தவழும். ஆகவே அந்த அறையின் தத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அளவை விட்டுவிட வேண்டும். நமது தேசியக் கட்டட விதித்தொகுப்பு சமையலறைக்கு 5 சதுர மீட்டரைக் குறைந்தபட்சப் பரப்பாகக் கூறுகிறது. தரையில் அமர்ந்து வேலை செய்யும் வழக்கமுள்ள வீடுகளுக்கு இதற்கு மேலும் ஒன்றிரண்டு சதுர மீட்டர் ஒதுக்கினால், அந்தச் செலவு பிற்காலத்தில் வீண்போகாது.

அலமாரிகளைப் பற்றி ஒரு சொல். ஆழமான அலமாரி நல்லது என்ற எண்ணம் தவறு. 30 செண்டிமீட்டருக்கு மேல் ஆழமுள்ள தட்டில் பின்வரிசைப் பொருள்கள் கண்ணுக்கு மறைகின்றன. மறைந்தவை இல்லாதவையாகக் கருதப்பட்டு மீண்டும் வாங்கப்படுகின்றன. சுவர் எழும்பும்போதே கடப்பைக் கல் பலகைகளை மூன்று புறமும் சுவரில் பதியுமாறு வைத்துக் கட்டிவிட்டால் மரம் வேண்டியதில்லை, கறையான் பயமுமில்லை. ஐந்தடி உயரமுள்ள பெண் பாதத்தை உயர்த்தாமல் எடுக்கக்கூடிய உயரத்துக்குள் அன்றாடப் பொருள்கள் அமைய வேண்டும். அதற்கு மேலுள்ள இடம் பரணுக்கு உரியது. கதவில்லாத தட்டுகள் தூசு படியும் என்று சிலர் தயங்குவர். தூசு படிவது உண்மையே; ஆனால் கதவைத் திறந்து மூடும் வேலை குறைவதால் பொருள்கள் தட்டுக்குத் திரும்புகின்றன. தறியுள்ள வீடுகளில் மட்டும் கதவு அவசியமாகும். செல்பேசிகளுக்கு மின்னேற்றும் இடத்திலும் இதே விதி பொருந்தும். மின்துளையின் அருகே ஒரு சாண் அகலத்தில் கல் தட்டொன்று இருந்தால் கம்பிகள் தரையில் கிடந்து காலை இடறுவதில்லை.

தரையில் கிடப்பவற்றால் நேரும் தீங்கு அழகுக் குறைவு மட்டுமன்று. ஆந்திரத்தின் வறண்ட மாவட்டங்களில் செந்தேள் காணப்படுகிறது. பகலில் அது இருண்ட இடுக்குகளில், குவிந்த துணிக்குள்ளும் காலணிக்குள்ளும் விறகுக்கடியிலும் ஒளிந்திருந்து, இரவில் வெளிவருகிறது. அதன் கொட்டு சிறுவர்களின் இதயத்தைத் தாக்கி உயிருக்கே ஆபத்தை விளைவிக்கக்கூடும். மகாராஷ்டிரத்தின் மஹாட் பகுதியில் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பிராசோசின் என்னும் மருந்தைக் கொண்டு இம்மரணங்களைப் பெரிதும் குறைக்கலாம் எனக் காட்டினார். எனினும் குழந்தையைத் தாமதமின்றி மருத்துவமனை சேர்ப்பது இன்றியமையாதது. கட்டுவிரியனோ தரையில் உறங்குவோரையே இரவில் கடிக்கிறது. கடி வலிக்காமலும் இருக்கலாம். கொசுவலையை விரிப்பின் அடியில் செருகிப் படுப்பது இதற்கு நல்ல காப்பு. குவியல்கள் இருக்கத்தான் வேண்டுமெனில் அவை தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், அடியில் விளக்குமாறு நுழையுமாறு இருத்தல் வேண்டும். கட்டிலுக்கடியில் மூடிய பெட்டியாகச் செங்கல் கட்டிவிடுவது இடம் சேர்ப்பதாகத் தோன்றினும், விரிசல் கண்டால் தேளுக்கு வீடாகிவிடும்.

வெயிலின் வழி

திருப்பதியில் மே மாதப் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். மேற்கே பலமனேர், மதனப்பள்ளி மேட்டுநிலம் 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால் அங்குச் சூடு குறைவு. ஆயினும் சூரியன் வரும் திசை எங்கும் ஒன்றே. சித்தூரும் திருப்பதியும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரிக்கும் 14 டிகிரிக்கும் இடையில் அமைந்தவை. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்ட் நடுவில் ஒரு நாளும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அன்று நட்டுவைத்த கோலுக்கு நிழல் இல்லை. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்தே சாய்கிறது. பள்ளி முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு மாணவர்களே இதனைக் கண்டறியலாம். வெயில் எப்போதும் தெற்கிலிருந்து வருகிறது என்று எண்ணும் பலருக்கு இது வியப்பளிக்கும்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? டிசம்பரில் நண்பகல் சூரியன் தென்திசையில் ஏறத்தாழ 53 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்பொழுது தெற்கு ஜன்னலின் மேல் 60 செண்டிமீட்டர் நீட்டிய சன்ஷேடு, தனக்குக் கீழே 80 செண்டிமீட்டர் வரை நிழல் தரும். மார்ச் மாதத்தில் சூரியன் 76 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடுவதால் அதே சன்ஷேடு ஜன்னல் முழுவதையும் மறைத்துவிடும். மேற்கு ஜன்னலின் நிலை வேறு. ஏப்ரல் மாதத்தில் மாலை நான்கு மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 31 டிகிரி உயரத்தில், நேர் எதிரே நிற்கும். அதே 60 செண்டிமீட்டர் சன்ஷேடு அப்பொழுது 36 செண்டிமீட்டருக்கே நிழலிடும். மீதி ஜன்னலின் வழியே வெயில் அறைக்குள் வந்து அமர்ந்துவிடும். எனவே மேற்கில் சன்ஷேடுக்குச் செலவிடும் பணம் பயன் தருவதில்லை. அங்கே தாழ்வாரமோ, பந்தலோ, புங்க மரமோ வேண்டும்.

புழக்கம் மிகுந்த குடும்பத்துக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. சரக்கறை, குளியலறை, மாடிப்படி, மூட்டை அடுக்கும் இடம் ஆகியவற்றை மேற்குச் சுவரையொட்டி வரிசையாக அமைத்துவிட்டால், பொருள்களின் குவியலே படுக்கையறைக்கும் வெயிலுக்கும் இடையே திரையாகிறது. தென்கிழக்கு மூலையில் சமையலறை அமைக்கும் வழக்கத்துக்கு இது முரணன்று. மனையடி பார்ப்போரையும் இணங்கச் செய்வது எளிது.

ஜன்னல்களின் பரப்பு, வெப்பமும் வறட்சியும் மிக்க இடங்களில் அறைப் பரப்பின் பத்தில் ஒரு பங்கும், ஈரமும் வெப்பமும் மிக்க இடங்களில் ஆறில் ஒரு பங்கும் இருக்க வேண்டும் என்பது விதித்தொகுப்பின் கணக்கு. திருப்பதியில் மே மாதம் முன்னதையும் நவம்பர் மாதம் பின்னதையும் வேண்டி நிற்கின்றன. அறையின் எதிரெதிர்ச் சுவர்களில் திறப்புகளை வைத்து, கோடைப் பகலில் அவற்றை மூடி, இரவில் திறந்துவிடும் பழக்கமே இதற்குத் தீர்வு. இரவில் திறப்பதற்குக் கம்பியும் கொசுவலையும் அவசியமாதலால் அவற்றின் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

கூரையை விடச் சுவருக்குக் கவனம் செலுத்துவோர் பலர். ஓரடுக்கு வீட்டில் சூரியனை நாள் முழுவதும் நேருக்கு நேர் பார்ப்பது கூரையே. 10 அல்லது 12 செண்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் பகலில் உட்கொண்ட வெப்பத்தைச் சில மணி நேரம் கழித்து, மக்கள் உண்டு உறங்கச் செல்லும் வேளையில், கீழ்நோக்கி வெளியிடுகிறது. இக்காரணத்தாலேயே குடும்பம் முழுவதும் பாய் தலையணையுடன் மாடிக்குக் குடிபெயர்கிறது. பழைய சென்னை மாகாணத்தின் கட்டடங்களில் காணப்படும் ‘மெட்ராஸ் டெரஸ்’ தளம் இவ்வாறு துன்புறுத்துவதில்லை. அதில் மர விட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாகவும் மூலைவாட்டாகவும் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பி, கட்டைகளால் பல நாள் தட்டி இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, இறுதியில் தட்டோடு பதிப்பர். கனமும் செங்கல்லின் நுண்துளைகளும் சேர்ந்து வெப்பம் இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. இன்று விட்டத்துக்கேற்ற மரம் கிடைப்பதரிது. ஆயினும் கான்கிரீட் தளத்தின்மேல் அதே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைச் ‘சுருக்கி’யாகப் போட்டு ஓடு பதிக்கலாம். அதற்கும் வசதியற்றவர் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தால் போதும். புதிய வெள்ளைப் பூச்சு சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா அரசு 2023-இல் வெளியிட்ட குளிர்கூரைக் கொள்கையின் அடிப்படையும் இதுவே. இரண்டு தகரக் குவளைகளை, ஒன்றுக்குச் சுண்ணாம்பும் மற்றொன்றுக்குக் கரியும் பூசி, நீர் நிரப்பி வெயிலில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து வெப்பமானியால் அளந்து காட்டினால் மாணவர் மறக்க மாட்டார்கள்.

தரையும் சமையல் மேடையும்

சிந்துவதும் கொட்டுவதும் மிகுந்த வீட்டில் தரையைத் தேர்ந்தெடுப்பதே முக்கியமான முடிவாகும். இப்பகுதிக்கு இரு கற்கள் எளிதாகக் கிடைக்கின்றன. ஒன்று வடமேற்கே கடப்பை மாவட்டத்திலிருந்து வரும் கரிய கடப்பைக் கல். மற்றொன்று குப்பம் முதலிய இடங்களில் வெட்டப்படும் கருங்கல்லாகிய கிரானைட். கண்ணுக்கு இரண்டும் உறுதியான கற்களே. வேதியியலில் இரண்டும் வெவ்வேறு குலத்தவை.

கடப்பைக் கல் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. அதன் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும் புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் இதனைக் கரைக்கின்றன. கரியமில வாயு வெளியேறுகிறது. சமையல் மேடையாகக் கடப்பைக் கல்லைப் பதித்த வீடுகளில், சில மாதங்களுக்குள் பளபளப்பு மங்கி வெளிறிய திட்டுகள் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. அவை அழுக்கு அல்ல. கல்லே அரிக்கப்பட்ட தழும்புகள். வீட்டுப் பெண் எவ்வளவு தேய்த்தாலும் அவை போகா. போகவில்லையே என்று கடையில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிக் கழுவுவோர் உண்டு. அதனால் கல் மேலும் அரிக்கப்பட்டு, சொரசொரப்பாகி, முன்னிலும் அதிகமாக அழுக்கைப் பிடித்துக்கொள்கிறது. கிரானைட்டோ குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகிய கனிமங்களால் ஆனது. புளியும் எலுமிச்சையும் அதனை ஒன்றும் செய்ய இயலா. எனவே ரசமும் ஊறுகாயும் கொட்டும் இடத்தில், அதாவது அடுப்பு மேடையிலும் கழுவும் தொட்டியருகிலும் கிரானைட். அலமாரித் தட்டுகளிலும் திண்ணையிலும் கூடத்துத் தரையிலும் விலை குறைந்த கடப்பைக் கல் என்று பங்கிட்டுக்கொள்வது சிக்கனமும் நன்மையும் ஆகும். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. கல்லின் துண்டொன்றை வாங்கி, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை இரவு முழுவதும் விட்டுக் காலையில் துடைத்துப் பார்த்தால் கல்லே தன் குலத்தைக் கூறிவிடும். வகுப்பில் செய்து காட்டுவதாயின் கல்லைப் பொடித்து அமிலம் விட்டால் நுரைப்பது கண்ணுக்குத் தெரியும்.

கூடத்துக்குக் கடப்பைக் கல்லைப் பரிந்துரைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. வெறுங்காலுக்கு அது குளிர்ச்சியாக இருக்கிறது. ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில் இருக்கும் கல்லும் பாயும் காலுக்கு வெவ்வேறாகத் தோன்றுவதன் காரணம், கல் உடலின் வெப்பத்தை விரைவில் வாங்கித் தன்னுள் பரப்பிக்கொள்வதும், பாய் அவ்வாறு செய்யாததுமாகும். மெருகேற்றப்படாத கல் ஈரத்திலும் வழுக்குவது குறைவு. நிறமும் இருண்டதாகையால் புழுதிக் கால்தடம் உடனே தெரியாது. வெண்ணிற மெருகு ஓடுகளைப் பதித்துவிட்டு நாளைக்கு நான்கு முறை துடைத்துச் சலித்துப்போகும் குடும்பங்கள் திருப்பதியில் பல. முதியோர் அதில் வழுக்கி இடுப்பெலும்பு முறிவதும் உண்டு. காவி கலந்த சிமெண்டுத் தரை அழகும் குளிர்ச்சியும் உடையது. இணைப்புகள் இன்மையால் அழுக்குச் சேராது. ஆனால் அதில் கைதேர்ந்த கொத்தனார் இன்று அருகிவிட்டனர். விரிசல் கண்ட இடத்தில் மறுபூச்சு பூசினால் நிறம் பொருந்துவதில்லை. கல் தரையில் உடைந்த ஒரு பலகையை மட்டும் பெயர்த்து மாற்றிவிடலாம். பழுது பார்க்க எளிதாயிருப்பதும் உறுதியின் ஒரு பகுதியே.

ஈரமும் ஈரமின்மையும் சந்திக்கும் எல்லைகளைத் தெளிவாக வரையறுப்பது அடுத்த வேலை. வாசலில் கால் கழுவும் குழாயும், அதனருகே காலணித் தட்டும், உலர்ந்த கல்லில் நான்கடி நடந்த பின்னரே கூடமும் என்ற வரிசை இருந்தால் புழுதியில் பெரும்பங்கு வாசலிலேயே நின்றுவிடும். குளியலறைத் தரை ஒரு மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு செண்டிமீட்டர் சாய்வுடன் நீர்வழியை நோக்கி இறங்க வேண்டும். பூச்சு உலர்வதற்கு முன் ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்க்குமாறு வீட்டுக்காரர் வற்புறுத்தினால் மேஸ்திரி சினங்கொள்வார். ஆயினும் வற்புறுத்தவே வேண்டும்.

சுவர்

தலையில் எண்ணெய் தேய்க்கும் வழக்கமுள்ள நாட்டில், சுவரில் சாய்ந்து அமர்பவர் ஒவ்வொருவரும் தம் முத்திரையைப் பதித்துச் செல்கின்றனர். தரையில் அமர்ந்தவரின் தலை ஏறத்தாழ 70 முதல் 90 செண்டிமீட்டர் உயரத்தில் சுவரைத் தொடும். சிறுவர்களின் கரிக்கோடுகளும் அதே உயரத்தில்தான் அமைகின்றன. பழைய வீடுகளில் சுவரின் அடியில் காவிப்பட்டை தீட்டியதன் காரணம் இதனால் விளங்கும். தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை, ஈரத்துணியால் துடைக்கத்தக்க இருண்ட வண்ணம் பூசி, அதற்கு மேல் சுண்ணாம்பு அடிப்பதே போதுமானது. சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையை வளரவிடாது. சங்கராந்திக்கு முன்னர் வீட்டாரே அதனைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

சுவரின் உடலைப் பொறுத்தவரை, இம்மாவட்டங்களின் செம்மண் ஒரு செல்வமாகும். பெங்களூரு இந்திய விஞ்ஞான நிலையத்தில் 1974-இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ என்னும் கிராமத் தொழில்நுட்பப் பிரிவு, சல்லடையில் சலித்த செம்மண்ணுடன் சிறிதளவு, நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை, சிமெண்டு சேர்த்துக் கையியந்திரத்தில் அழுத்திச் செய்யும் மண்கட்டிகளை வளர்த்துப் பரப்பியது. இவற்றைச் சூளையில் வேக வைக்க வேண்டியதில்லை. நிழலில் அடுக்கி மூன்று வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்தினால் போதும். கரிசல் மண் இதற்கு ஏற்றதன்று. அது நனைந்தால் வீங்கிக் காய்ந்தால் சுருங்கும். மண்சுவரின்மேல் கனத்த சிமெண்டுப் பூச்சைப் பூசுவது உறுதியைக் கூட்டுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி, பூச்சு பலகை பலகையாக உரிந்து விழுவதே அதன் பலன். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை ஆவியாக வெளியேற விடுவதுடன், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. இதன் ஆயுளை அறிய விரும்புவோர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரியில், விஜயநகர காலத்து ராஜமஹால் கல்லாலும் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும், மரம் சேர்க்காமல் கட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. சேஷாசலக் காடுகளின் புகழ்பெற்ற செம்மரத்தை வீட்டு வேலைக்கு நினைத்தும் பார்க்கலாகாது. அது சட்டத்தால் காக்கப்பட்ட மரம்.

மழையும் மூட்டைகளும்

வறண்ட நாடு என்ற பெயர் இப்பகுதி மக்களை ஏமாற்றிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் இங்கு வருகின்றன; ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். ஆனால் அது சீராகப் பெய்வதில்லை. 2021 நவம்பர் 18, 19 தேதிகளில் பெய்த பெருமழையால் திருப்பதி நகரின் தெருக்கள் ஆறுகளாயின. ஸ்வர்ணமுகியில் வெள்ளம் பெருக்கெடுத்தது. தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அத்தகைய நாளில் தரையில் கிடந்தவை அனைத்தும் நனைந்தன. அலமாரித் தட்டுகளில் இருந்தவையும் பரணில் இருந்தவையும் தப்பின.

சுற்றுநிலத்திலிருந்து வீட்டின் அடிப்பீடம் குறைந்தது 45 செண்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. தெருவுக்கு ஆண்டுதோறும் புதிய தார் அல்லது கான்கிரீட் போட்டு உயர்த்தும் ஊர்களில், இந்த 45 செண்டிமீட்டரை இன்றைய தெருவிலிருந்து கணக்கிட்டால் பத்தாண்டுகளில் வீடு பள்ளத்தில் இருக்கும். வசதியுள்ளவர் 75 செண்டிமீட்டராக வைப்பது நலம். அடிப்பீடத்தைக் கருங்கல்லில் கட்டி, அதன் உச்சியில் சுவர் தொடங்குமுன் ஈரத்தடுப்புப் படலம் ஒன்றை இட வேண்டும். இதனை விட்டுவிட்டால் நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஏறும். அதனுடன் வரும் உப்பு, பூச்சினைப் பொடியாக்கி உதிர்த்துவிடும்.

வேர்க்கடலை அடுக்கும் வீடுகளில் இந்த ஈரம் உணவையே நஞ்சாக்கக்கூடியது. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கும் மேல் காரணம் தெரியாமல் மடிந்தன. அவற்றுக்கு இட்ட தீவனத்திலிருந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சு இருந்தது பின்னர் கண்டறியப்பட்டது. அஃப்ளாடாக்சின் எனப் பெயர் பெற்ற அந்நஞ்சு மனிதரின் கல்லீரலையும் கெடுக்கிறது, சமைப்பதால் அழிவதில்லை. மூட்டைகள் வெறுந்தரையிலும், ஈரம் ஏறிய சுவரை ஒட்டியும் இருக்கும்போதே பூஞ்சை எளிதில் பற்றுகிறது. ஆகையால் சரக்கறையில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கல் மேடையும், அதற்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியும் வேண்டும். அந்த இடைவெளியில் காற்று உலவும். எலி வந்தால் பூனையும் நுழையலாம்.

இவ்வளவும் பெரிய வீட்டுக்கே பொருந்தும் என்று கருத வேண்டியதில்லை. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமப்புற வீட்டுவசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு, சமைக்கும் இடம் உட்பட, 25 சதுர மீட்டர். அத்துணைச் சிறிய வீட்டில் தரை முழுவதும் மனிதருக்கே வேண்டும். பொருள்கள் சுவரில் ஏற வேண்டும். 9 அங்குலச் சுவரில் அரைச் செங்கல் ஆழத்துக்கு மாடங்கள் விடுவதால் செங்கல் மிச்சமாகுமேயன்றிச் செலவு கூடாது. ஜன்னலுக்கும் மூலைக்கும் இடையே சுவர் குறுகலான இடங்களில் மட்டும் மாடம் விடலாகாது. அங்குச் சுவர் பலவீனமாகும். குளியலறைக்கும் சமையலிடத்துக்கும் மேலே 2.1 மீட்டர் உயரத்தில் பரண் போட்டால் விருந்தினரின் பாய்களும் தலையணைகளும் அங்கே அடங்கும். வாசலில் அகன்ற திண்ணை ஒன்று இருந்தால், திருமலைக்குச் செல்லும் உறவினர் அதிகாலையில் வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்காமல் பைகளுடன் புறப்பட்டுச் செல்லலாம். திண்ணையின் மேற்பலகை சுவரிலிருந்து வெளிநோக்கி ஒரு விரற்கடை சாய்ந்திருக்க வேண்டும். இல்லையேல் சாரல் நீர் சுவரடியில் தேங்கிவிடும். செப்டம்பர் முடிவதற்குள் மாடியின் நீர்த்தாரைகளில் அடைத்துள்ள இலைகளையும் சிறுவர்களின் பந்துகளையும் எடுத்துவிட்டு, ஒரு குடம் நீரை ஊற்றி அது தடையின்றி இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் இவ்வூர்களில் ஒவ்வொரு வீட்டிலும் செய்ய வேண்டிய வேலையாகும்.